நூறு எண்ணும்வரை

ஹட்டனில் ஊரடங்கு போட்ட ஒன்பதாம் நாள்
வேலை முடிந்து வந்தபோது
கேட்டுக்கு வெளியே நின்றது என் சூட்கேஸ்.
மேலே ரைஸ் குக்கர்,
அதன் மூடி மட்டும் தனியாக ஒரு சொப்பிங் பையில்.
இரண்டு மாத முற்பணத்தை
டெட்டோல் தெளித்து வைத்திருந்தார் தயாபரன்.
நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.
மாடி ஜன்னலில் திரை அரைச்சாண் விலகி மூடியது.
"ஒன்னும் நெனைக்காதீங்க மிஸ்"
உள்ளேயிருந்து அவர் குரல்.
நான் எல்லாமும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி எங்களுக்குப் பிடித்துத் தந்தது
டிக்கோயாவுக்கு மேலே ஒரு துரை பங்களா.
ஓர் இரவு இத்தனை டொலர் என்று விற்ற இடம்;
விமானங்கள் நின்றதும் விலை போகவில்லை.
அப்பா இதே தோட்டத்தில் பதினொரு வருஷம் புல் வெட்டியவர்,
குசினிப் படிவரைக்கும்தான் இந்த வீட்டை அறிவார்.
"உள்ளுக்கு எப்படி இருக்கு?" போனில் கேட்டார்.
"குளிருது. குளிக்கிற தொட்டிக்குச் சிங்கப்பாதம் வச்சிருக்கு."
வெகுநேரம் சிரித்தார்.

ஆறு பேர், நான்கு அறை.
நர்ஸ் நில்மினி தூக்கத்திலும்
சிங்களத்தில் கட்டில் நம்பர் சொல்வாள்.
ரிஸ்மியா நோன்புக்கு எழும்பும் நேரம்
அம்புலன்ஸ் பொன்னுத்துரை வந்து சப்பாத்து கழுவுவார்.
காவல்காரர் சோற்றுப் பார்சல்களைப் படியில் வைத்து
மணியடித்துவிட்டு ஓடுவார், மழையிலும்.

மே மாதம்.
ஊதா மூடிக் குழாய் ஒன்று என் மேசைக்கு வந்தது.
த. இராசமலர், வயது நாற்பத்தாறு.
நான் ஆறு மாதம் வாடகை கொடுத்த விலாசம்.
கீழே டொக்டரின் கிறுக்கல்:
மார்புப் புற்று, மருந்தேற்றிப் பத்தாம் நாள்.

மாடியிலிருந்து ஒரு நாளும் இறங்காதவர்.
தலையிடி என்பார் தயாபரன்,
ஒரு தரம் ஆஸ்துமா என்றார்.

வெண்குழியம் நூறு எண்ண வேண்டும்; அது எங்கள் முறை.
சாதாரண ஆளின் துளியில்
தேத்தண்ணி ஆறுமுன் முடிந்துவிடும்.
அவர் துளியிலோ
பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டும் ஆள் வராத காலை.
கண்ணாடியின் ஓரமே வந்துவிட்டது.
முப்பத்தேழு.

எலும்புக்குள் பிறந்து, நெஞ்செலும்பின் பின்னால் படித்து,
எது நம் வீட்டாள், எது பிறத்தி என்று பாஸாகி,
கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும்
சின்னச் சின்ன விடுதிகளில் தங்கும் காவல் அது.
கிருமி வெளியே இருந்து வரும்; பிடித்துவிடலாம்.
புற்று வீட்டிலேயே பிறந்த பிள்ளை.
அதே முகம், அதே பேச்சு.
பல தடவை காவல் அதையும் கண்டுபிடித்துக் கொன்றிருக்கும்,
நமக்குத் தெரியாமலே, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒரு தடவை தவறியது.
பிறகு இடது அக்குள் விடுதியை
மஹரகமவில் வெட்டி எடுத்தார்கள்.
மிச்சக் காவலை மருந்து கொண்டுபோனது.

ஆளில்லாத அந்த வாசலில்
தயாபரன் போய் நின்றிருக்கிறார்,
டெட்டோல் போத்தலோடு.

அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்றில்லை.
சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை.
நானே கிளம்பியிருப்பேன்,
மூடியைக் குக்கரிலேயே போட்டுக்கொண்டு.

இரண்டாவது பூச்சு. மூன்றாவது.
நுணுக்குக்காட்டியில் கண் எரிந்தது.
எண்பத்தெட்டாவதாக ஒரு நிணநீர்க்குழியம்,
நீலமாக, உருண்டையாக, தனியாக.
அதை விட்டுக் கொஞ்சநேரம் நகரவில்லை நான்.
நூறு முடிந்ததும் வாட்டுக்கு நானே அழைத்தேன்.
"தனியறை கொடுங்க."
"எல்லாம் கொவிட்டுக்குப் போயிருச்சு மிஸ்."
"ஓரக் கட்டிலாவது. ஜன்னல் பக்கம்."

அன்றிரவு பங்களாவில்
அந்த நோட்டுக் கட்டை முதல்தடவையாக எடுத்து
கெத்தல் ஆவியில் பிடித்து
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
ஒன்று கிழிந்தது.
எண்ணவில்லை.