மூன்றரை லீற்றர்

இருபத்தைந்து லீற்றர் அடுப்பில் வைத்தேன்.
ஒரு மணித்தியாலம் கழித்து அளந்தால்
இருபத்தொன்றரை.
மிச்சம் எங்கே என்று கேட்காதே,
மேலே பார்.

குசினிச் சீலிங்கில் துளிதுளியாய்த் தொங்குகிறது.
பிரிஜ் கதவில் கோடு கோடாய் வழிகிறது.
மளிகைக்கடைக் கலண்டரில் ஏறி
ஐப்பசி முழுவதையும் நெளிய வைத்திருக்கிறது.
நிலானியின் பருத்திச் சேலை ஒன்று
பார்லி மணத்தோடு ஒபிசுக்குப் போய் வருகிறது.

"வீட்டுக்காரர் வந்தால் என்ன சொல்வாய்?
வெள்ளையடித்து ஆறு மாதம் ஆகவில்லை."

யன்னலைத் திறந்துவிடு என்றான்
மெல்பேணிலிருந்து ஹொப்ஸ் அனுப்புகிற காண்டீபன்.
அவனுக்கென்ன,
அவனூர்க் காற்றுக்குத் தாகம் இருக்கிறது.
வெள்ளவத்தையில் யன்னலைத் திறந்தால்
வெளியே நிற்பதும் தண்ணீர்தான்.
கடல் தன் ஆவியை உள்ளே தள்ள
நான் என் ஆவியை வெளியே தள்ள
நுளம்புவலையில்
இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன.

மூடி போட்டால் தீராதா?
தீராது.
முளைத்த பார்லிக்குள் ஒரு நாற்றம் ஒளிந்திருக்கிறது,
அவித்த கோவாவுக்கும் அவித்த சோளத்துக்கும் நடுவே.
கொதியில்தான் அது எழும்பிப் போகும்.
மூடினால்
மூடியில் முட்டி, வியர்த்து,
திரும்ப விழும்.
போனது போனதாகவே இருக்கவேண்டும்.
இதை நான் விளக்கிய இரவு
நிலானி வேறெதையோ நினைத்துக்கொண்டு
"ஓம்" என்றாள்.

ஆகவே டாம் வீதியில் ஒரு பெரிய அலுமினியத் தாச்சி.
கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டு,
ஓட்டையில் நெளிகிற குழாய்,
குழாயின் வாயில்
கழிவறைக்கென்று விற்கிற காற்றாடி.
விளிம்பைச் சுற்றி ஒரு பீலி:
தாச்சியில் குளிர்ந்த ஆவி
பீலியில் ஓடி வாளியில் விழும், பானையில் அல்ல.
முதல்தரம் சரிவு பிழைத்தது.
எல்லாம் என் பிடரியில்.
இரண்டாம்தரம் மட்டம் பார்த்துப் பூட்டினேன்.
குழாயின் மறுமுனை
கட்டடத்தின் நடுவில்
வெயிலும் விழாத அந்த நீளக் குழிக்குள்;
ஏழு மாடிக் குசினிகளும்
ஒன்றின் மூச்சை ஒன்று வாங்கும் இடம்.

சனிக்கிழமை.
சுவர்மணிக்கூட்டின் கண்ணாடிக்குள்ளும் ஆவி புகுந்துவிட்டதால்
களுத்துறை ரயிலை வைத்துத்தான் நேரம்.
ரயில் கடந்தது. கடைசிப் பிடி ஹொப்ஸைப் போட்டேன்.
கரண்ட் போனது.

காற்றாடி நின்றது. காஸ் நிற்கவில்லை.
இருட்டு வெள்ளையாகவும் இருக்கும் என்று
அப்போதுதான் கண்டேன்.
நிலானி போனோடு வந்தாள்.
வெளிச்சம் பொல்லுப்போல ஆவிக்குள் குத்திட்டு நின்றது.
குழிப்பக்கத்துச் சின்ன யன்னலைத் தள்ளித் திறந்து
வாங்கிய நாளிலிருந்து வேலையே இல்லாதிருந்த
அந்தப் பானை மூடியை எடுத்து
விசிறத் தொடங்கினாள்.

மேலிருந்து ஒரு குரல்.
ஆறாம் மாடி, ரிஸ்மியா.
"கீழ்வீட்டில என்னத்த அவிக்கிறீங்க?"

என் கை காஸ் திருகிக்குப் போனது.
இந்த மணத்துக்கு என்ன பெயர் சொல்வது,
அதுவும் அவரிடம்?

"பார்லி" என்றாள் நிலானி.
பொய்யில்லை.

"அதானே, நெஸ்டமோல்ட் மாதிரி வாசம்.
மகனுக்கு மூணு நாளா மூக்கடைப்பு,
யன்னலுக்கிட்ட வெச்சிக்கொண்டு நிக்கிறேன்.
இப்பதான் மூச்சு விடுறான்.
இன்னும் கொஞ்சம் அவிங்க."

இன்னும் கொஞ்சம் அவித்தால்
ஹொப்ஸின் மணம் முழுக்கப் போய்விடும்.
கசப்புத்தான் மிஞ்சும்.
நிலானி என்னைப் பார்க்கவில்லை.
மூடியை மற்றக் கைக்கு மாற்றினாள்.

இருபத்தைந்து நிமிடம்.
மெல்பேணிலிருந்து வந்த மணமெல்லாம்
மூன்று வயது மூக்கொன்றுக்குள் ஏறிப் போனது.
மேலே தும்மல் கேட்டது. பிறகு சிரிப்பு.

கொப்பியில் எழுதினேன்:
இழப்பு ஐந்து லீற்றர்.
வழக்கத்திலும் ஒன்றரை கூட; ஆறாம் மாடிக்கு.

எழுதி முடிக்கக் கரண்ட் வந்தது.
காற்றாடி உதறிக்கொண்டு எழும்பியது.
குழாயின் வளைவில்
அவ்வளவு நேரமும் தேங்கியிருந்தது
மறுபடியும்
என் பிடரியில்.