பழைய பெயர்

செந்தூல் அடுக்குமாடி. லிஃப்ட் பழுது.
பதினோரு மாடி ஏறி
நான் கழற்ற வந்த ரௌட்டர்
நீலமும் கறுப்புமாய், காதிரண்டும் விறைத்து
டிவி மேசைக்குப் பின்னால் கிடந்தது.

அடியில் ஆணியில் மாட்ட இரண்டு துளைகள்.
பதினெட்டு வருடத் தொழிலில்
ஒருவரும் மாட்டி நான் பார்த்ததில்லை.
பிறகு வந்தவை ஆண்டெனாவை விழுங்கிவிட்டு
சவர்க்காரக் கட்டிபோல் வெளுத்தன;
இன்று என் பையில் இருப்பதோ
மல்லாந்த சிலந்தி, எட்டுக் கால்.

விளக்கின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
"ராத்திரி கண்ணைக் குத்துது" என்றார் கனகமலர்.

புதியதைச் செருகிப் பெயர் கேட்டேன்.
"பழசே இருக்கட்டும். பாஸ்வேர்டும்."
எட்டு எண்கள். மகனின் பிறந்த நாள்.
பாதுகாப்பில்லை அக்கா, என்றேன்.

"கோவிச்சுக்கிட்டுப் போனவன்.
கீழே நாசி லெமாக் கடை வரைக்கும்
வர்றான்னு சொல்றாங்க.
மேலே வந்தான்னா
கதவைத் தட்டுமுன்னே
போன் தானா ஒட்டிக்கணும்."

ஓர் எழுத்தும் மாற்றாமல் தட்டினேன்.

சோதிக்க என் போனிலும் போட்டிருந்தேன்.
படியிறங்கும்போது பார்த்தேன்:
ஒன்பதாம் மாடிவரை ஒற்றைக் கோடு.
எட்டில் எட்டவில்லை.