பிழைக்குப் பிழை

முத்திரை ஆய்வாளர் வேலை எனக்கு.
வட்டாரத்துத் தராசுகள் எல்லாம்
வந்து நிற்கும் என் மேஜை முன்னால்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோல்ஃப்.

கானாடுகாத்தான் தாண்டி செம்பாறைப் பொட்டலில்
ஆறே ஆறு குழி. புல் கிடையாது.
குழியைச் சுற்றி
கழிவெண்ணெய் விட்டுப் பிசைந்த மணல்.
ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும்
சாக்கை இழுத்துச் சமன் செய்வார் சேவியர்.

"புது பட்டர் வாங்கப்போகிறேன்" என்றேன்.
"எந்தக் கோயிலுக்கு?" என்றாள் சிகப்பி.
விலையைச் சொன்னேன்.
அந்தப் பணத்துக்கு நிஜப் பட்டரே
வருஷம் முழுக்க வந்து போவார் என்றாள்,
புளியோதரையோடு.

பழையது கத்தி ஜாதி. மெலிந்த தலை.
தண்டை விரல்மேல் கிடத்தினால்
மூக்கு தரையைப் பார்க்கும்,
கடன் கேட்க வந்தவன் மாதிரி.
புதியது, ஆப்பச்சட்டியைப் பாதியாக அறுத்த மாதிரி
அரைவட்டம், கனம்.
விரல்மேல் கிடத்தினால் முகம் வானத்தைப் பார்க்கும்.
முதுகில் மூன்று வெள்ளைக் கோடு.
நடுக்கோடு எங்கே நீள்கிறதோ அங்கே குழி.
இதற்குமேல் என்ன வேண்டும்
கண் கோணலான ஒருவனுக்கு?

நாலடித் தூரம். இடப்பக்கம் போயிற்று.
மறுபடி இடப்பக்கம்.
பழையதில் பத்துக்கு ஆறாவது விழும்;
இதில் இரண்டு.

ராத்திரி, கூடத்தில்,
ஆத்தங்குடிக் கல்லின் கரைக்கோட்டை ஒட்டி
காபி டம்ளரைப் படுக்கவைத்து அடித்துப் பார்த்தேன்.
முதலில் தரையைச் சந்தேகப்பட்டேன்.
ரசமட்டம் வைத்தேன்; குமிழி அசையவில்லை.
பந்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன், உப்புப் போட்டு.
பட்டரை ஆபீஸ் தராசில் நிறுத்தேன்:
ஐந்நூற்று நாற்பது கிராம். சொன்ன எடை.
வேறு யாரும் மிச்சமில்லாததால்
என்னிடம் வந்தேன்.

பழையதை எடுத்து டம்ளரைக் குறிபார்த்து
அப்படியே நின்றேன்.
சிகப்பி பின்னால் குந்தி
பூ கட்டும் நூலை இழுத்துப் பிடித்தாள்.
"டம்ளருக்கு நாலு விரல்
வலப்பக்கம் பாக்குது உங்க கட்டை" என்றாள்.
"இப்ப அடிங்க."
அடித்தேன். டம்ளருக்குள் டங்கென்று விழுந்தது.

பதினோரு வருஷம்.
கண் வலப்பக்கம் தள்ளியது,
மணிக்கட்டு இடப்பக்கம் இழுத்தது,
இரண்டும் குழியில் சந்தித்துக்கொண்டன,
எனக்குச் சொல்லாமலே.
மூன்று கோடு வந்து கண்ணைத் திருத்திவிட்டது.
மணிக்கட்டைத் திருத்த அதில் கோடு இல்லை.

பள்ளத்தூர்ச் சந்தையில்
உப்பு விற்கும் மாரிக்கண்ணு நினைவுக்கு வந்தார்.
அவர் தராசின் கோல் வளைந்து
ஐம்பது கிராம் வாங்குபவர் பக்கம் சாயும்.
அவர் படிக்கல் தேய்ந்து
ஐம்பது கிராம் குறையும்.
அவர் கொடுத்த உப்பு சரியாக ஒரு கிலோ.
நான் தராசைப் பறிமுதல் செய்தேன்.
கல்லைக் கவனிக்கவில்லை, அன்று வெயில்.
புதுத் தராசு வாங்கினார், கடன்பட்டு;
அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் உப்பு குறைந்தது.
"முத்திரை இருக்குங்களே" என்றார் என்னிடமே.

இந்த ஞாயிறு, ஆறாவது குழி.
பல் டாக்டர் உமையாள் முடித்துவிட்டு
ஓரமாக நிற்கிறார். அவர் பட்டர்
உயரத்துக்குத் தோதாக
ரம்பத்தால் அறுத்தது; அறுத்த வாயில் இன்சுலேஷன் டேப்.
அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.
எனக்கு நாலடி.
குனிந்தேன். நடுக்கோடு குழிக்கு நேராக,
அப்பழுக்கில்லாமல்.
மணிக்கட்டைத் தெரியும் எனக்கு.

தலையை மெல்லத் திருப்பினேன்,
நாலு விரல் வலப்பக்கம்,
கோடு ஒரு கள்ளிச்செடியைக் காட்டுகிறவரை.
"எங்கே பாக்குறீங்க சார்?" என்றார் டாக்டர்.
பதில் சொல்லாமல் அடித்தேன்.

விழுந்தது.
எண்ணெய் மணலில் பந்து போன தடம்
கோணல் தெரியக் கிடந்தது, எவரும் வந்து பார்க்கலாம்.
சேவியரைக் கூப்பிட்டேன்,
சாக்கைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லி.