உள்ளளவும்

இருபத்து நாலு மணி நேரம் முழுசாகக் காத்திரு என்பது விதி.
இருபத்து மூணே முக்காலில் திறந்துவிட்டேன்.
கஞ்சி நிறத்தில் வட்டத் தட்டு,
அதில் ஆறு மருந்து வில்லைகள்.
ஒவ்வொன்றையும் சுற்றி
எதுவும் முளைக்காத காலி நிலம் இருக்க வேண்டும்.

வான்கோமைசினுக்கு நிலமே இல்லை.
வில்லையின் விளிம்புவரை பயிர் ஏறியிருக்கிறது.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துத்
திரும்பவும் பார்த்தேன்.
ஸ்கேலை வைக்கவே இடமில்லை.

ஒச்சம்மா, ஐம்பத்தொன்று, செக்கானூரணி.
பரவை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்குகிறவர்.
கர்ப்பப்பை எடுத்துப் பதினோரு நாள்,
மூத்திரக் குழாய் போட்டு ஒன்பது நாள்.
காய்ச்சல் விடவில்லை என்று
சீட்டில் சாய்ந்து கிடக்கிறது
டாக்டர் அஃப்ரினின் கையெழுத்து.

என்ட்ரோகாக்கஸ்.
நுண்ணோக்கியில் ஊதா நிறம்,
ஜோடி ஜோடியாக, சில இடத்தில் குட்டிச் சரமாக,
அறுந்து சிதறிய பாசிமணி மாதிரி.
வெளியூர்க்காரன் இல்லை.
எல்லார் குடலிலும் உண்டு.
அவர் தின்ற சோற்றில் ஒரு பருக்கை தின்றுகொண்டு
ஐம்பது வருஷம் சத்தம் காட்டாமல் இருந்த இனம்.

காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு ரெண்டு மாத்திரை,
பேதிக்கு வேறு கலரில் ரெண்டு,
ஆபரேஷனுக்குப் பிறகு நரம்பில் நாங்கள் ஏற்றியது ஆறு நாள்.
அக்கம்பக்கம் எல்லாம் செத்துக் காலியான தெருவில்
இது மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது.

ஒரு துண்டுச் சீட்டும் கையில் இருந்தது.
சுவரின் கடைசிக் கல்லை மாற்றிக் கட்டு,
மருந்தின் பிடி நழுவும்
என்று அதில் எழுதியிருந்தது.
அதைக் கொடுத்தது யார்?
கோழிப்பண்ணையா,
வைகையில் கலக்கிற சாக்கடையா,
எங்கள் வார்டுக் கட்டில் கம்பியா?
அதைக் கண்டுபிடிக்கிற மெஷின் இங்கே இல்லை.

பித்தத்தில் போட்டேன்.
குடித்துவிட்டுக் குழாயைக் கறுப்பாக்கியது.
நாற்பத்தைந்து டிகிரியில் வைத்தேன்,
சித்திரையில் ஆற்று மணலில் நிற்கிறவனைப் போல
நின்றது.
ஆறரை சதவீதம் உப்புப் போட்டேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
காலையில் குழாய் கலங்கியிருந்தது.
நினைத்துக்கொண்டிருக்கிறது.

இதுவரை எழுதியதை ரிப்போர்ட்டில் போடலாம்.
இனி வருவதைப் போட முடியாது.

போன மாதம் வார்டில் எல்லாருக்கும்
பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுத்தபோது
ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் தேவைப்பட்டார்.
பேர் போடாமல் என்னுடையதைக் கொடுத்தேன்.
என் தட்டிலும்
வான்கோமைசினைச் சுற்றி நிலம் இல்லை.

எனக்குக் காய்ச்சல் கிடையாது. நன்றாகத் தூங்குகிறேன்.
சிம்மக்கல்லில் பஸ் ஏறிக் கம்பியைப் பிடிக்கிறேன்.
நான் விட்ட இடத்தில் வேறொரு கை பிடிக்கிறது.
நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுத்தான்
பையனுக்குச் சோறு பிசைகிறேன்.
உள்ளே இருந்தால் இருக்கட்டும், கொல்லப் போகாதே,
கையை மட்டும் கழுவு
என்கிறது புத்தகம்.
ஒச்சம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது
ஒரு ரப்பர் குழாய், ஒரு தையல்.

லினிசோலிட் வில்லையைச் சுற்றி இருபத்தாறு மில்லிமீட்டர்.
இரண்டு தடவை அளந்தேன்.
வார்டுக்குப் போன் போட்டேன், எடுக்க ஆளில்லை.
படியேறிப் போய்ச் சொன்னேன்.
குழாயை முதலில் எடுங்கள், கட்டிலைத் தள்ளிப் போடுங்கள் என்றேன்.
"எங்கிட்டுத் தள்ள?" என்றார் துடைத்துக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி.
அடுத்த கட்டிலுக்கு ஒரு முழம்கூட இல்லை.
வாளியும் ஒன்றுதான்.

தட்டை ஆட்டோகிளேவில் ஏற்றினேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிஷம்.
அதற்குப் பணியும்.
மனுஷரை அதில் வைக்க முடியாது.

விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண்
எல்லாம் கழுவிவிட்டு
மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன்.
எங்கள் எல்லாருக்கும் பசித்தது.
தயிர்ச்சோற்றில்
உப்பு கொஞ்சம் தூக்கல்.