பிடிமானம்

போகிக்கு மறுநாள் காலை.
தரமணியில் புகை இன்னும் இறங்கவில்லை.
ரயில் பாலத்தடியில் நின்று
நீல இன்ஹேலரை இரண்டு தடவை அழுத்திக்கொண்டேன்.
மருந்து போய் உட்காரும் இடம்
எனக்குத் தெரியும்.
அதன் தங்கையைத்தான்
நாலரை வருஷமாகப் பிடிக்கப் பார்க்கிறேன்.

தமக்கையின் படம் எப்போதோ வந்துவிட்டது.
பாடப்புத்தகத்தில்கூட இருக்கிறாள்.
தங்கை நிற்க மாட்டாள்.

கொழுப்பாலான சவ்வு. அதற்குள்
ஏழு தடவை குத்தி எடுத்த தையல்போல ஒரு புரதம்,
ஒரு முனை வெளியே, மறுமுனை உள்ளே.
அகம் புறம் என்று பரீட்சைக்குப் படித்தோமே,
அவற்றுக்கு நடுவே இருப்பது
இங்கே ஐந்து நானோமீட்டர்.

அவளைப் பிரித்தெடுக்க சோப்பு.
பாத்திரம் தேய்ப்பதுபோலத்தான்,
விலை மட்டும் கிராமுக்கு
என் ஒரு மாத ஃபெல்லோஷிப்.
கூடினால் சுருண்டுவிடுவாள்.
குறைந்தால் கட்டியாகிக் குழாயடியில் உட்காருவாள்.
பிழைத்தாலோ ஆட்டம்:
திறப்பாள், மூடுவாள், பாதி திறப்பாள்.
லட்சம் படங்களை அடுக்கிப் பார்த்தாலும்
கல்யாண வீடியோவில் குறுக்கே ஓடும் குழந்தை மாதிரி
ஒரு கலங்கல்.

அப்புறம் ராஜஸ்தானத்துப் பண்ணையிலிருந்து
ஐஸ் பெட்டியில் பத்து மில்லி ரத்தம் வந்தது.
லேபிளில் ஒட்டகத்தின் பெயர்: கேசரி.
"முந்திரி போட்டதா?" என்றான் ஜெபசிங்.

நம் எதிர்ப்புப் புரதத்துக்குக் கனச் சங்கிலி இரண்டு,
துணைக்கு மெல்லிய சங்கிலி இரண்டு.
ஒட்டகத்துக்கு, ஏனோ,
துணையில்லாமலும் நடக்கிறது.
அதன் நுனியை மட்டும் நறுக்கினோம்.
நுனியில் மூன்று வளையங்கள்.
மூன்றாவது நீளம்,
பீரோ இடுக்கில் விழுந்த சாவியை
எட்டி எடுக்கிற விரல்.

ஈஸ்ட்டின் மேல் கோடி வகை வளர்த்து
கழுவிக் கழுவி
மிஞ்சியவை பதினொன்று.
ஒன்பதாவதில் ஃபர்ஹானா
ஒரு செரினை எடுத்துவிட்டு டைரோசின் வைத்தாள்.
அன்று பிடித்தது விடவில்லை.
வெளிப்பக்கம் மருந்து,
உள்பக்கம் ஒட்டகம்,
நடுவில் முதல் முறையாக
அவள் சும்மா இருந்தாள்.

படம் எடுப்பது பெங்களூரில்,
உறைய வைப்பது இங்கே.
இங்கே எதிரி வங்கக் கடல்.
மார்கழியிலும் காற்றில் எழுபது சதம் ஈரம்.
மூன்று மில்லிமீட்டர் வலைத்தட்டில்
எங்கள் துளியின் மேல்
கடல் வந்து உட்கார்ந்துவிடும்,
கல்லுப்பு சிந்தினாற்போல் பனி.
ஈரம் உறிஞ்சும் எந்திரங்கள், முகக்கவசம்,
வலைத்தட்டைத் தூக்கும்போது மூச்சு விடக் கூடாது.
அதில் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பயிற்சி.

திரவ நைட்ரஜனை அம்பத்தூரிலிருந்து
மினி வேனில் கொண்டுவரும் தணிகாசலம்
ஒருநாள் கேட்டார்:
"உள்ள இருக்கிறது உயிரோடயா, செத்ததா?"
இரண்டும் இல்லை, நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றேன்.
"ஓ, சிக்னல் மாதிரி" என்று
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.
அதைவிட நல்ல விளக்கம்
எங்கள் கட்டுரையில் இல்லை.

இன்று பொங்கல். கேன்டீன் பூட்டு.
ராத்திரியெல்லாம் ஓடிய கணக்கு
விடிகாலையில் முடிந்திருந்தது.
திரையில் சாம்பல் மேகம்.
திருப்பினேன். சுருள்கள்.
பக்கக் கிளைகள்கூடத் தெரிகின்றன.
உள்வாசலில் கேசரியின் விரல்,
ஃபர்ஹானா வைத்த டைரோசின்
சொன்ன இடத்தில்.
யாரையாவது கூப்பிட வேண்டும்போல் இருந்தது.
கூப்பிடவில்லை.

ஐந்தாம் சுருளுக்கும் ஆறாம் சுருளுக்கும் நடுவே
இருபத்துமூன்று அமினோ அமிலங்கள் மட்டும்
எங்கும் இல்லை.
இல்லாமலில்லை, அங்கே இன்னும் ஆடுகிறாள்.
இத்தனை குளிரில், இத்தனை பிடியில்.

ஜெபசிங் ஊரிலிருந்து செய்தி அனுப்பினான்:
மென்பொருளை ஊகிக்கச் சொல்லி நிரப்பிவிடலாமே,
பார்வைக்கு முழுசாக இருக்கும்.

நெஞ்சுக்குள் சன்னமாக விசில்.
அடுத்த டோஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே நேற்றைய டயர்ப் புகை.

புள்ளிக்கோடு போட்டேன்.
எண்ணி இருபத்துமூன்று புள்ளிகள்.