முழுக் காது

நாசெட் கரை, 1662

இடக்காதில் இரட்டை வெட்டு:
ஒபதியா கிரிம்ஸின் பன்றி.
அதில் யாருக்கும் ஐயமில்லை.

கடல் வடிந்த சேற்றைக் கிளறி
நாங்கள் குளிர்காலத்துக்கென விட்டுவைத்த மட்டியைத்
தின்று தீர்த்ததும் அதுவே.

"வேலி போட்டாயா?" என்றார் நீதிபதி.
சொல் கிடைக்காத துபாஷி
காற்றில் குச்சி குச்சியாய் நட்டுக் காட்டினான்.
"கடலுக்கா?" என்றேன்.
சிரித்தார்கள்.
எழுதுகிறவன் இறகைத் தோய்த்தான்; எழுதவில்லை.

சரி, நாமும் வளர்ப்போம் என்று
தம்பி கெனமோ வாங்கினான் இரண்டு குட்டி.
கத்தியைத் தீட்டும்போதே வந்துவிட்டது சட்டம்:
செவ்விந்தியர் பன்றியின் காதை வெட்டலாகாது.

சந்தையில் கிரிம்ஸ் காதைத் தடவிப் பார்க்கிறான்.
"வெட்டே இல்லையே, யாருடையது?"
கெனமோ வாய் திறக்கவில்லை.

ஓதம் வடிகிறது.
வெட்டுப்படாத காதுபோல்
விரிந்து கிடக்கிறது சேறு.