எண்பது என்று எழுது

சுங்கை மெராந்தியில் மெராந்தி மரம் கிடையாது.
பெயர்ப்பலகையில் மட்டும் நிற்கிறது,
பெட்ரோல் நிலையம் தாண்டி இடப்பக்கம்.

இரவு ஷிப்ட். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் கூடம்.
மேசை விளக்கின் கீழ் நான் விண்வெளியில் இருப்பேன்.
ஒன்று இரண்டு ரிங்கிட் என்று
பசார் மாலாமில் பெட்டியோடு தூக்கி வந்த கதைகள்;
யாரோ ஓர் இன்ஜினியர் விட்டுப்போனவை,
ஓரமெல்லாம் கரையான்.

சின்ன வயதில் எனக்குப் பிடித்தது புறப்பாடு.
பூமி கருகிவிடும், கடல் வற்றிவிடும்,
பத்தாம் பக்கத்தில் நெருப்பைக் கக்கிக்கொண்டு கப்பல் எழும்.
ஏறியவர்களோடு நானும் ஏறிவிடுவேன்.
கீழே நின்று கையசைத்தவர்களுக்கு
எந்தக் கதையிலும் பெயர் இருந்ததில்லை.
நானும் கேட்டதில்லை.
பள்ளிக்கூடப் பாதையில் ஓர் ஈயக்குட்டை.
அதற்குச் சந்திரன் என்று பெயர் வைத்தோம்.
பிளாஸ்டிக் பை நிறையக் குப்பை வீசினால் விண்கல்.
சந்திரனில் யார் வந்து பொறுக்கப் போகிறார்கள்?

பிறகு ஒரு பக்கத்தில் தடுக்கி விழுந்தேன்.
புதுக் கிரகத்தில் இறங்கியவர்கள்
காட்டை மழித்து, ஆற்றைத் திருப்பி,
ஒரே பயிரை அடிவானம்வரை நட்டு,
கப்பல் கப்பலாய் ஆள் இறக்கி,
வரிசை வீடு கட்டி எண் போட்டார்கள்.
எழுதியவர் அதை எதிர்காலம் என்கிறார்.
நான் ஜன்னலைத் திறந்தேன்.
லயத்து விளக்குகள் எண் வரிசையில் எரிந்துகொண்டிருந்தன.
பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட கம்பெனி
பங்கை விற்றுவிட்டு எப்போதோ மேலே போய்விட்டது.
கீழே நின்றவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும்.
புஷ்பலீலா. ஒற்றைக்கண் மாணிக்கவேலு. என் அப்பா.

என் பிழைப்பு புட்டிகளோடு.
கடைசிக் குளத்து நீரை
ஒரு குமிழிகூட நுழையாமல் அடைத்து மூடுவேன்.
மூன்று நாள் இருட்டு, முப்பது டிகிரி.
உள்ளே உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்
இருக்கிற மூச்சைத் தின்றுகொண்டிருக்கும்.
நாலாம் நாள், மீந்த மூச்சை அளப்பேன்.
கணக்கு நூறுக்குள் வந்தால் மதகைத் திறக்கலாம்.

வந்தது இருநூற்றுப் பதினெட்டு.
"எண்பது என்று எழுது கௌரி,"
என்பார் அமிர்தராஜ் அண்ணன். கெட்டவரில்லை.
என் மகள் பல்லுக்கு முன்பணம் வாங்கித் தந்தவர்.
"கடல்ல போய்ச் சேரப்போவுது. கடல் பெருசு."
எட்டு வருடம் எண்பது எழுதினேன்.
சந்தேகம் வராமலிருக்க
இடையிடையே எழுபத்தாறு.

அந்த வாரம் படித்த கதையில் கப்பல் எங்கும் போய்ச் சேரவில்லை.
நாற்பது பக்கம் வெறும் தண்ணீர்க் கணக்கு.
வியர்வை, மூத்திரம், பிணம் கழுவிய நீர்,
எல்லாம் வடிகட்டி மறுபடி அதே குவளைக்கு.
அலுப்பில் பக்கங்களைத் தள்ளினேன்.
கணக்கெழுதுகிறவள் ஒருத்தி
ஒருநாள் ஓர் எண்ணை மாற்றி எழுதினாள்.
யாரும் அவளைப் பிடிக்கவில்லை.
பதினோராம் அத்தியாயத்தில்
அடித்தளத்துக் குழந்தைகள் எழுந்திருக்கவில்லை.
ஒரே வரி. அடுத்த வரியில் என்ஜின் வர்ணனை.

எழுந்து போய் இருட்டுப்பெட்டியைத் திறந்தேன்.
புட்டிகள் வரிசையாய், கதவில்லாமல்.

இருநூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன்.
இரண்டு கொஞ்சம் கோணல்.

காலையில் அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார்.
"பேனா சரியில்லையா?" என்றார்.
நான் பேனாவை அவரிடம் கொடுத்தேன்.
அவர் வாங்கவில்லை. மதகை மூடவும் இல்லை.
பாலத்தடியில் பாக் சமான் தூண்டில் போட்டபடியிருந்தார்,
வாளி காலி.

இன்றும் எனக்குப் புறப்பாடு பிடிக்கும், பொய் சொல்லமாட்டேன்.
பத்தாம் பக்கத்தில் மட்டும் நின்றுவிடுகிறேன்,
கீழே எத்தனை பேர் என்று எண்ண.

நேற்று இருநூற்று ஆறு. எழுதினேன்.
வெளியே ஜெரெபு, எதிர்க்கடைகூடத் தெரியவில்லை.
விண்வெளிக்காரிபோல் முகமூடி மாட்டி
மோட்டார்சைக்கிளை உதைத்தேன்.
மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.